எந்த வெலிங்டன்?



நம் நாட்டுப்புறத்தில் புதூர் என்ற பெயருடைய ஊர்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்வது எளிதன்று. எந்த வட்டத்திற்குப் போனாலும் ஒரு புதூர் இருக்கும். ஆனால் அந்த வட்டத்திற்குள் வாழ்பவர்களுக்கு அதனால் தொல்லை ஒன்றும் இல்லை. “புதூருக்குப் போய் வருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு எந்தப் புதூர் என்பது தெரியும். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவுக்கு வந்துவிட்ட நமக்குத்தான் அந்த வசதி இல்லை. நாம் சொல்லும் பெயரைக் கேட்பவர் நம் ஊரைக் காணாதவர். நாம் எழுதும் கடிதத்தைப் பிரிப்பவர் நம் மொழியை அறியாதவர். ஆகவே பெயர்களைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்பது வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குப் பயனுடையதாக இருக்கும் என்று எண்ணுகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆங்கிலப் பெயரை எடுத்துக் கொள்கிறேன். வெலிங்டன் என்பது அந்தப் பெயர். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு என் சொந்த வாழ்க்கையில் ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வெலிங்டன் என்பது முதலில் இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் என்னும் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய ஊரின் பெயர். அதே நாட்டில் சிராப்சயர் என்னும் வட்டாரத்திலும் பழமையான வெலிங்டன் ஒன்று உண்டு. இவ்விரண்டு ஊர்களும் அடக்கமாக இருந்துவந்த ஊர்களே. உலகெங்கும் அந்தப் பெயர் பரவியதற்கு ஆர்தர் வெல்லெஸ்லி என்ற ஒரு படைத் தலைவர்தாம் காரணம்.

அவர் 1769-இல் அயர்லாந்தில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயர் முதலில் வெஸ்லி என்றே வழங்கிற்று. 1798-இல்தான் அது வெல்லெஸ்லி என்று மாறியது. அவர் 1797-இல் இந்தியாவுக்கு வந்தார். 1799-இல் சீரங்கப்பட்டணத்து முற்றுகையில் பங்கு கொண்டு, திப்பு சுல்தான் வீழ்ந்த பின் அந்நகரின் பொறுப்பை ஏற்றார். 1803-இல், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் உள்ள அசாய் என்னுமிடத்தில் மராத்தியப் படைகளை வென்றார். 1805-இல் நாடு திரும்பினார். ஆக, இந்திய மண்ணில் அவர் கழித்த நாட்களிலெல்லாம் அவர் வெலிங்டன் அல்லர். வெறும் வெல்லெஸ்லியே ஆவார்.

1809-இல் ஸ்பெயின் நாட்டில் அவர் பெற்ற ஒரு வெற்றிக்காக அவருக்குப் பிரபுப் பட்டம் அளிக்க முடிவு செய்தார்கள். எந்த ஊரின் பெயரால் பட்டம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவரோ போர்க்களத்தில் இருந்தார். ஆகவே அவருடைய சகோதரர் வில்லியம் என்பவர், குடும்பப் பெயரோடு ஓசையில் ஒத்து வருவதாக ஓர் ஊரைத் தேடிச் சாமர்செட்டிலுள்ள வெலிங்டனைத் தேர்ந்தெடுத்தார். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற பின் அந்தப் பெயர் ஐரோப்பா முழுவதும் ஒலித்தது. 1828-இல் அவர் இங்கிலாந்தின் முதலமைச்சராகவும் ஆனார், 1852-இல் மறைந்தார். ஓசைப் பொருத்தம் பார்த்து ஒரு தம்பியோ அண்ணனோ செய்த தேர்வு, உலகப் படத்தில் எத்தனை இடங்களை நிரப்பிவிட்டது பாருங்கள்!

நியூசீலாந்தில் ஆங்கிலேயர் 1840-இல் குடியேறிய துறைமுகத்திற்கு வெலிங்டன் என்று பெயரிட்டார்கள். 1865 முதல் அதுவே அந்நாட்டின் தலைநகரம். ஆனால் அந்தத் துறைமுகம் பெயரில்லாமல் கிடந்ததன்று. தாரா என்பவரின் பெருந்துறை என்று பொருள்படும் பெயர் ஒன்று மாவோரி மக்களின் மொழியில் அதற்கு முன்பே உண்டு. தென்னாப்பிரிக்காவில் மேற்குக் கேப் பகுதியில் ஒரு வெலிங்டன் இருக்கிறது. அது 1840-க்கு முன் வண்டித் தச்சர்களின் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் டச்சுப் பெயரால் வழங்கிய இடம். அங்கே வண்டி செய்பவர்கள் வாழ்ந்தார்கள் என்பதை அந்தப் பழைய பெயரே சொல்லிற்று. புதிய பெயர் அந்த இடத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகரத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும் மலைக்கும் வெலிங்டன் மலை என்று பெயர். அதன் ஆதிகுடிகள் மொழிப் பெயரான குனானி என்பதையும் சேர்த்து, இரண்டு பெயர்களையும் ஒன்றாக வழங்குவது என்று 2013-இல் அரசாங்கம் முடிவு செய்தது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் மேற்குக் கரையோரத்திலும் வெலிங்டன் என்ற பெரிய தீவு ஒன்று உண்டு.

நம் நாட்டு வெலிங்டனை நேயர்கள் அறிவீர்கள். நீலகிரியில் குன்னூருக்கு அடுத்து, மலை ரயில் நிற்கும் நிலையம் அது. ஜகதளா என்ற படுகர் ஊரை ஒட்டிய இடம். ஆங்கிலேயர் அங்கே படைவீடு கட்டிய தொடக்க காலத்தில் அந்தப் பெயரே வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வெலிங்டன் என்ற பெயர் வந்தது. ஜகதளா என்ற பெயர் அழிந்துவிடவில்லை. பக்கத்திலேயே ஒரு பேரூராக இன்றும் இருக்கிறது. விடுதலைக்குப் பின் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி 1947-இல் வெலிங்டனில் அமைந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடமும் அதுவே. ஆகவே தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில், படையில் சேர்ந்த மகனையோ கணவனையோ நினைக்கும்போது மக்கள் வாயில் வரும் ஊர்ப் பெயர் வெலிங்டன்.

இடங்களோடு அந்தப் பெயர் நிற்கவில்லை. முழங்கால் வரை வரும் ரப்பர் காலணிக்கு ஆங்கிலத்தில் வெலிங்டன் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசிய ஒரு விமான வகைக்கும் அதே பெயர். அவ்வகையில் 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. கலிபோர்னியாவில் வளரும் மாபெரும் மரம் ஒன்றுக்கு 1853-இல் ஓர் ஆங்கிலத் தாவர நூலார் வெலிங்டோனியா என்று பெயர் சூட்டினார். தங்கள் நாட்டு மரத்திற்கு அயல்நாட்டுத் தளபதியின் பெயரா என்று அமெரிக்கர்கள் சினம் கொண்டார்கள். சினத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மலைக்கும் துறைமுகத்திற்கும் உரிய பழங்குடிகளின் சினத்தைக் கேட்க அந்நாளில் எவரும் இருந்ததில்லை.

மனிதர்களுக்கும் அந்தப் பெயர் வந்தது. 1919-இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் சீனாவின் சார்பில் வாதாடியவரும், 1945-இல் ஐக்கிய நாடுகளின் சாசனத்தில் கையெழுத்திட்டவரும், பின்னர் அனைத்துலக நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கியவருமான சீன அறிஞருக்கு, வெலிங்டன் கூ என்றே மேல்நாட்டில் பெயர். பிரேசில் நாட்டுக் காற்பந்து வீரர்களில் வெலிங்டன்கள் பலர். நம் திருநெல்வேலி, குமரி மாவட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களில் நெல்சனும் வெலிங்டனும் வீட்டுப் பெயர்களைப் போலவே வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாட்டர்லூவை நினைத்தா பெயரிட்டார்கள்? தாத்தாவின் பெயர் என்று இட்டிருப்பார்கள். ஒரு பெயர் மூன்று தலைமுறை ஒரு வீட்டில் வாழ்ந்துவிட்டால், அது அந்த வீட்டின் பெயராகிவிடுகிறது. அதனை அயற்பெயர் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இதுவரை ஒரு பெயர் பல இடங்களுக்கு வந்ததைக் கண்டோம். இனி, அதனோடு மயங்கும் இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். அது வில்லிங்டன். இவர் வேறொருவர். 1913 முதல் பம்பாயிலும், 1919 முதல் 1924 வரை சென்னையிலும் கவர்னராக இருந்து, 1931 முதல் 1936 வரை இந்தியாவின் வைசிராயாக விளங்கியவர். வில்லிங்டன் என்பது இங்கிலாந்தில் சசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள ஊர். கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணால் உருவான தீவு இவர் பெயரைத் தாங்கியது. சாங்லியில் உள்ள கல்லூரியும், பம்பாயில் உள்ள விளையாட்டுச் சங்கமும் இவர் பெயரின. புது தில்லியிலோ ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் இவர் பெயர்தான். இன்றைய சப்தர்ஜங் விமானத் தளம் அன்று வில்லிங்டன் விமானத் தளம். இன்று லோதித் தோட்டம் என வழங்குவது, 1936-இல் இவருடைய மனைவியார் பெயரால் திறக்கப்பட்டது. இன்றைய ராம் மனோகர் லோகியா மருத்துவமனை, அன்று வில்லிங்டன் மருத்துவமனை.

ஆங்கில எழுத்தில் இவ்விரு பெயர்களையும் கண் வேறுபடுத்திக் காணும். தமிழில் எழுதும்போது என்ன ஆகிறது? ஒன்றில் வல்லோசை, மற்றொன்றில் மெல்லோசை என்ற வேறுபாட்டை நம் டகரம் ஒன்றே தன்னுள் அடக்கிக் கொள்கிறது. எஞ்சுவது முதலெழுத்து மட்டுமே. மக்கள் வாயில் அதுவும் வெலிங்டன் என்றே ஆகிவிடுகிறது. திட்டக்குடிக்கு அருகில் கீழச்செருவாயில் உள்ள பெரிய நீர்த்தேக்கத்தைச் சிலர் வில்லிங்டன் என்று எழுதுகிறார்கள். ஊரார் வெலிங்டன் ஏரி என்கிறார்கள். ஏரி நிறைந்தால் போதும், பெயரைப் பற்றி உழவருக்குக் கவலை இல்லை. ஆனால் எல்லாவிடத்திலும் அப்படி இருந்துவிட முடிவதில்லை. இந்த இடத்தில்தான் என் கதை வருகிறது.

நான் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தமிழில் எழுதிய ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. எழுதியவர் திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த ஒரு மூதாட்டி. பேரன் கையால் எழுதுவித்திருந்தார். அவருடைய கணவர் படைவீரர். பணியில் இருக்கும்போதே 1966-இல் நோயுற்று இறந்தவர். குடும்ப ஓய்வூதியத்தில் ஏதோ சிக்கல். கணவர் இறந்ததற்கான மருத்துவமனைப் பதிவு வேண்டியிருந்தது. “என் வீட்டுக்காரர் தில்லியில் வேலை பார்த்தார். குளிர் காலத்தில் உடம்புக்கு முடியாமல் வெலிங்டன் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்” என்று எழுதியிருந்தது.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். தில்லியின் பழைய பெயர்கள் எனக்குத் தெரியும் என்ற பெருமை எனக்கு உண்டு. 1966-இல் தில்லியில் வில்லிங்டன் மருத்துவமனை இருந்தது. குளிர் காலமும் தில்லிக்குப் பொருந்திற்று. பாட்டியார் வில்லிங்டனைத்தான் வெலிங்டன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். ‘புது தில்லி’ என்ற இரு சொற்களையும் நானே சேர்த்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை வீடு திரும்பும்போது, நல்லதொரு நுட்பத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மனத்தில் மகிழ்ச்சிகூட இருந்தது.

அந்த இரு சொற்களைப் பின்பற்றிக் கோப்பு தில்லியிலேயே சுற்றிற்று. பதிவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று கடிதம் போயிற்று. ஒன்பது மாதங்கள் கழிந்தன. பிறகு பேரனிடமிருந்து இரண்டாவது விண்ணப்பம் வந்தது. “என் பாட்டி சொன்னது மலை ரயில் போகும் வெலிங்டன். தில்லி என்று நாங்கள் எழுதவில்லையே” என்று பணிவாகக் கேட்டிருந்தான். அதற்கு என்னிடம் விடை இல்லை.

முதல் விண்ணப்பத்தை எடுத்து மீண்டும் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தந்தி வந்த அன்று இரவே கைக்குழந்தையோடு புறப்பட்டு, மறுநாள் முற்பகலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததாக அந்த அம்மையார் சொல்லியிருந்தார். நேயர்களே, திண்டுக்கல்லிலிருந்து ஓர் இரவில் தில்லிக்கு வர முடியுமா? அந்நாளில் சென்னையிலிருந்து வந்தாலே ரயிலில் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். அந்தப் பயணத்தை ஆண்டுதோறும் செய்தவன் நான். நம்மில் எவருக்கும் அது தெரியும். அந்த வரியையும் நான்தான் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தேன். என் கை அதைப் பெயர்த்ததே ஒழிய, என் அறிவு அதைப் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு செய்தி, அவர் சொன்ன செய்தியை மறைத்துவிட்டது.

மேலதிகாரியிடம் தவற்றை ஒப்புக்கொண்டு, திருத்திய மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். நீலகிரிக்குக் கடிதம் போன சில வாரங்களில் பதிவு கிடைத்தது, ஆணையும் பிறந்தது. ஆணையைப் படித்துக் காட்டியபோது, தொகை எவ்வளவு என்று பாட்டி கேட்கவில்லையாம். ஊர்ப் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்றுதான் கேட்டாராம். பேரன் எழுதிய அஞ்சலட்டையை இன்றும் வைத்திருக்கிறேன். பழியாக அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு ஒன்பது மாதம் என்பது எவ்வளவு காலம் என்பதை நான் அறிவேன். அந்த மாதங்களை என்னால் திருப்பித் தர முடியாது.

இத்தகைய மயக்கத்தை நீக்க நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தனர். சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். ஊர் இன்னது, தொழில் இன்னது, பிறகுதான் பெயர். சாத்தன் என்ற பெயர் பலருக்கு இருக்கலாம். மதுரையில் தானியம் விற்ற, சீத்தலை ஊர்ச் சாத்தன் பலர் இருக்க முடியாது. இன்று நாம் எழுதும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பல மொழிகளும் ஒரே பெயருடைய ஊர்களும் நிறைந்த நாட்டில் கடிதம் வழி தவறாமல் இருப்பதற்காக, 1972 ஆகஸ்ட் 15-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் எண் 6 என்று இருந்தால், கடிதம் தென்கோடிப் பகுதிக்கு உரியது என்பது எந்த மொழியினருக்கும் விளங்கும்.

ஆகையால் வெளி மாநிலங்களில் வாழும் உங்களுக்கு அனுபவத்தால் கற்ற சில சொற்களைச் சொல்ல விரும்புகிறேன். அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதும்போது ஊர்ப் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மாவட்டத்தையும், அருகிலுள்ள ரயில் நிலையத்தையும், நிகழ்ச்சி நடந்த ஆண்டையும் எழுதுங்கள். பெயர் மாறிய இடமாயின் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள். அயல்மொழிப் பெயராயின் அதன் ஆங்கில எழுத்தையும் ஒரு முறை பக்கத்தில் எழுதிவிடுங்கள். என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: தெரிந்த பெயர் வந்தால்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். தெரியாத பெயரை நாம் தேடிப் பார்க்கிறோம். தெரிந்த பெயரைத் தேடுவதில்லை.

முடிப்பதற்கு முன் ஒரு சிறு செய்தி. சுமார் 1836-இல், நியூசீலாந்தின் வடபகுதியில் வாழ்ந்த மாவோரி மக்களிடம் ஒரு வெண்கலப் பாத்திரத்தை வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டார். அதில் அவர்கள் கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள். பார்த்தால் அது உடைந்த ஒரு கப்பல் மணி. அதைச் சுற்றியிருந்த எழுத்துகள் தமிழ் எழுத்துகள். அது முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அவற்றின் பொருள். எந்தத் துறையிலிருந்து, எந்த ஆண்டில் அந்தக் கப்பல் புறப்பட்டது என்று மணியில் எழுதவில்லை. அந்த மணி இன்று ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கே என்று கேட்டால், வெலிங்டனில் என்று சொல்வேன்.

எந்த வெலிங்டன் என்று நீங்கள் உடனே கேட்க வேண்டும். நியூசீலாந்தின் தலைநகரமாகிய வெலிங்டன். மாவோரி மக்களுக்குத் தாராவின் பெருந்துறை. அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால், ஒரு மூதாட்டி ஒன்பது மாதம் காத்திருக்க நேர்ந்திராது.